நினைவு நீர்ப்பரப்பு

கமாண்டோ இறந்து மூன்று மாதம் கழித்து நகரசபை அவரைக் கண்டுபிடித்தது.

அதுவரை அவர் நகரசபைக்கு முன்பின் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஓய்வுபெற்று ஊர் திரும்பியதிலிருந்து அந்தக் கட்டடத்தின் படியை அவர் ஏறாத மாதம் இல்லை. நகர நீச்சல்குளத்தின் வடிகட்டி இயந்திரம் பழுதாகிக் கிடக்கிறது, அதைச் சரிசெய்து கொடுங்கள் என்பது மட்டும்தான் அவர் கோரிக்கை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மேசைக்கு அனுப்பினார்கள். கடைசி மேசையில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "இதெல்லாம் பெரிய ஆளுங்க யாராவது வந்து சொன்னாத்தான் நடக்கும். நீங்க யாரு?" என்று கேட்டார். ராணுவத்தின் சிறப்புப் படையில் அரை ஆயுளைக் கழித்து, சட்டையில் குத்த இடம் போதாத அளவுக்குப் பதக்கம் வாங்கியவர், "சும்மா, பக்கத்துத் தெரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

இயந்திரம் ஓடாத குளத்தை அவரே பார்த்துக்கொண்டார். காலையில் வலை போட்டு இலை அள்ளுவார், மருந்து கலப்பார், பிறகு யார் வந்தாலும் நீச்சல் சொல்லிக் கொடுப்பார். வந்தவர்கள் பெரும்பாலும் வயதானபின் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டவர்கள், தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவர்கள். அவர்களிடம் அவர் ஒன்றேயொன்றுதான் சொல்வார். "பயப்படுங்க, தப்பில்ல. வாயை மூடிட்டுப் பயப்படுங்க."

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எதையும் சத்தமில்லாமல் செய்து பழகினவர் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். மறுநாளே நகரசபை ஆட்கள் வந்து குளத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கமாண்டோவுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தம்பி வீட்டில்தான் இருந்தார். தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊருக்குள் பிரேக் வாத்தியார் என்று சொன்னால்தான் தெரியும். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வண்டி சுவரையோ லாரியையோ நோக்கிப் போகும்போதெல்லாம் தன் காலடியில் உள்ள இன்னொரு பிரேக்கை மிதிப்பது அவர் தொழில். அந்தப் பழக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது. எதிரில் இருப்பவர் கொஞ்சம் வேகமாகப் பேசினாலும் வாத்தியாரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசியக்கா என்று பெயர் வந்துவிட்டது. பெரிய மீசைக்காரர்கள் ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வதைத் தினமும் பார்ப்பவர் என்பதால், யாருடைய அலட்டலும் அவரிடம் செல்லாது. கணவரின் அண்ணனை அத்தான் என்று கூப்பிட்டு, அத்தானிடமே நாற்பது வயதுக்கு மேல் நீச்சலும் கற்றுக்கொண்டவர்.

நகரசபை கமாண்டோவைத் திடீரென்று கண்டுபிடித்ததற்குக் காரணம் பக்கத்து ஊர். அங்கே எடைதூக்கும் வீரர் ஒருவருக்கு நினைவகம் கட்டியிருந்தார்கள். அந்த வழியாகப் போன மந்திரி ஒருவர் காரை நிறுத்தி, இறங்கி, சிலையோடு படம் எடுத்துக்கொண்டு போனார். இந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து நம் நகரசபைத் தலைவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம் ஊரில் யாராவது செத்திருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொன்னார்.

நினைவகக் குழுவின் செயலாளர் நேரில் வாத்தியார் வீட்டுக்கு வந்தார்.

"உங்க அண்ணன் ஒரு சரித்திரம்" என்றார், செருப்பைக் கழற்றும்போதே. "அவரை இந்த ஊர் என்னைக்கும் மறக்காது. அவரு பேரை மட்டும் கொஞ்சம் எழுதிக் குடுத்துடுங்க."

வாத்தியார் எழுதிக் கொடுத்தார். செயலாளர் அதை இரண்டு தடவை வாசித்துப் பார்த்து, "நல்ல பேரு" என்று பாராட்டினார்.

"எங்க கட்டப்போறீங்க?" என்று ஊசியக்கா கேட்டார்.

"நல்ல இடமா அமைஞ்சிருக்கும்மா. ஊருக்கு நடுவுல, சும்மாவே பூட்டிக் கிடக்கிற இடம். பழைய நீச்சல்குளம் இருக்குல்ல, அதுல மண்ணைக் கொட்டி மூடிட்டு மேல மண்டபம் எழுப்புறோம்."

ஊசியக்கா கையில் இருந்த தேநீர்த் தட்டைக் கீழே வைத்தார்.

"அத்தான் சரிபண்ணிக் குடுங்கன்னு கேட்ட குளத்தை மூடி, அத்தானுக்கே மண்டபமா?"

"அதாம்மா பொருத்தம்" என்றார் செயலாளர். "அவரு அந்தக் குளத்து மேல எவ்வளவு பாசமா இருந்தாரு. இனிமே அவருதான் அது மேல இருப்பாரு."

வாத்தியாரின் கால் தரையை அழுத்தியது.

குடும்பப் பிரதிநிதிகள் என்ற முறையில் கணவன் மனைவி இருவரையும் குழுக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். நீளமான மேசை, மேசைக் கண்ணாடிக்கு அடியில் முன்னாள் தலைவர்களின் படங்கள், தலைவர் எடுக்காதவரை யாரும் தொடக் கூடாத பிஸ்கட் தட்டு. ராணுவத் தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். சிறப்புப் படை சம்பந்தமாக எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பார்ப்பது அவர் வேலை. காப்பு அதிகாரி என்று அறிமுகப்படுத்தினார்கள். அவர் எல்லோருக்கும் தலையசைத்துவிட்டு, வாசல் தெரியும்படியாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அண்ணன் எந்தெந்தச் சண்டையில இருந்தாரு?" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"தெரியலைங்க" என்றார் வாத்தியார். "வீட்ல ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"அருமை" என்றார் காப்பு அதிகாரி.

"நீங்களாவது கேட்டிருக்கலாம்ல?" என்றார் தலைவர்.

"ஒருதடவை கேட்டேங்க. வெளியில போயிருந்தேன்னு சொன்னாரு."

காப்பு அதிகாரியின் முகம் மாறியது. "வெளியிலன்னு சொன்னாரா?"

"ஆமாங்க."

"அதைக் கூட்டக் குறிப்புலேர்ந்து எடுத்துடுங்க."

செயலாளர் அந்த வரியை அடித்தார். தலைவர் விடவில்லை. வீரம் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று கிடைக்காமல் எழுந்திருப்பதில்லை என்ற முடிவோடு முன்னால் சாய்ந்தார்.

"மலை ஏறுவாரா? உயரத்துலேர்ந்து குதிப்பாரா? அந்த மாதிரி?"

வாத்தியார் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். "வீட்ல பல்பு மாத்த ஏணியில ஏறினாக்கூட என்னைக் கீழ பிடிச்சுக்கச் சொல்வாருங்க. விழுந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சவன் பிடிச்சுக்கத்தான் சொல்வான்னுவாரு."

"இதையும் எடுத்துடுங்க" என்றார் தலைவர்.

பதக்கங்கள் எதற்காகக் கொடுக்கப்பட்டன என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அது ரகசியம் என்றார் காப்பு அதிகாரி. எந்த நாட்டில் என்று இன்னொருவர் கேட்டார். நாடு என்று ஒன்று இருந்ததா என்பதே ரகசியம் என்றார். தலைவர் சற்று நேரம் கண்ணாடிக்கு அடியில் இருந்த முன்னாள் தலைவர்களைப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் எழுந்தால் பேச்சுத் தமிழ் உட்கார்ந்துவிடும்.

"நண்பர்களே, அவர் என்ன செய்தார் என்று நமக்குத் தெரியாது. எங்கே செய்தார் என்றும் தெரியாது. எதற்காகச் செய்தார் என்றும் தெரியாது. இவ்வளவு தெரியாமல் இருந்தும் நாம் பெருமைப்படுகிறோம் என்றால், நம் பெருமை எவ்வளவு தூய்மையானது என்று எண்ணிப் பாருங்கள். தெரிந்துகொண்டு பெருமைப்படுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். என் நிர்வாகத்திலும் நான் இதே கொள்கையைத்தான் கடைப்பிடித்து வருகிறேன். நான் என்ன செய்கிறேன் என்று மக்களுக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் பெருமைப்படுகிறார்கள்."

கைதட்டினார்கள். தலைவர் ஒரு பிஸ்கட் எடுத்தார். பிறகு எல்லோரும் எடுத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் பீடத்தில் பொறிக்க வீரரின் பொன்மொழி ஒன்று கேட்டார்கள். ஊசியக்கா யோசிக்காமல் சொன்னார். "பயப்படுங்க, தப்பில்ல. வாயை மூடிட்டுப் பயப்படுங்க."

குழு அதைச் சீர்திருத்த ஒரு துணைக்குழுவை அமைத்தது. வீரரின் நினைவகத்தில் பயம் என்ற சொல்லே வரக் கூடாது என்று ஒருவர் சொன்னார். நகரசபைக்குச் சொந்தமான கல்லில் வாயை மூடு என்று எழுதினால் மக்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்று செயலாளர் சொன்னார். பயத்தையும் வாயையும் எடுத்தபிறகு 'தப்பில்ல' என்பது மட்டும் மிஞ்சியது. நகரசபைக் கட்டுமானம் ஒன்றில் அப்படி எழுதினால் தணிக்கைக்காரர்கள் விசாரணைக்கு வந்துவிடுவார்கள் என்று பயந்து அதையும் விட்டுவிட்டார்கள்.

சிலை செய்ய வந்த சிற்பி அதுவரை தலைவர்களை மட்டுமே செய்தவர். கை நீட்டிய தலைவர், கை கட்டிய தலைவர், புத்தகத்தோடு தலைவர் என்று மூன்று அச்சும் தயாராக வைத்திருந்தார். முதன்முதலாக ஒரு போர்வீரர் கிடைத்த சந்தோஷத்தில், கமாண்டோ துப்பாக்கியோடு பாய்வதுபோல் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார். முகம் அச்சு அசலாக இருந்தது. பார்த்ததும் வாத்தியார் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

காப்பு அதிகாரி மாதிரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சிறப்புப் படை ஆளோட முகத்தை வெளிய காட்ட முடியாது."

"அவர்தான் இறந்துட்டாரேங்க" என்றார் வாத்தியார்.

"முகம் இறக்கலையே."

சிற்பி முகத்துக்கு ஒரு மூடி போட்டார். மூடி எந்த வகை என்பது ரகசியம் என்றார்கள். துப்பாக்கியை எடுக்கச் சொன்னார்கள். துப்பாக்கி போனபிறகு பாயும் மனிதர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போல் ஆனார். பாயும் விதமும் பயிற்சி ரகசியம் என்பதால் நிற்க வைத்தார்கள். நிற்கும் உயரம் ஆளை அடையாளம் காட்டும் என்றார்கள். கடைசியில் இரண்டு பூட்ஸ் மட்டும் மிஞ்சின. பூட்ஸின் அடிப்பாகம் ரகசியம் என்று அதிகாரி சொன்னபோது, அடிப்பாகம் கீழேதானே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிற்பி கேட்டார். "அதைத்தான் எதிரியும் யோசிப்பான்" என்றார் அதிகாரி.

அப்போதுதான் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"முகம்தான் பிரச்சினைன்னா, வேற ஒரு முகத்தை வச்சுக்கலாமே. ஊருக்கு நல்லாத் தெரிஞ்ச, பாதுகாப்புப் பிரச்சினை இல்லாத முகம். நான் யாரையும் மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லல."

செயலாளர் உடனே தலைவரின் முகத்தைப் பார்த்தார். உறுப்பினர்களும் பார்த்தார்கள். சிற்பிக்கும் நிம்மதி, அந்த அச்சு அவரிடம் இருந்தது. காப்பு அதிகாரியும் நன்றாகப் பார்த்துவிட்டு, "இந்த முகத்துல ரகசியம் ஒண்ணும் இல்ல" என்றார்.

தலைவர் அடக்கத்தோடு தலை குனிந்தார்.

"ஒரே ஒரு விஷயம்" என்று அதிகாரி தொடர்ந்தார். "அவரால பாதிக்கப்பட்டவங்க இன்னும் பல இடத்துல உயிரோட இருக்காங்க. சிலையைப் பார்த்துட்டு, இவருதான் அவருன்னு நினைச்சு, வீடு தேடி வந்துட்டா நாங்க பொறுப்பில்ல."

தலைவர் எழுந்தார். "நண்பர்களே, புகழுக்கு ஆசைப்படும் பழக்கம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசி, தன் முகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

குழு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. திறப்புவிழாத் தேதியை மந்திரி அலுவலகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. கட்ட ஒன்றும் இல்லை. மண் கொட்டும் லாரிகள் மட்டும் குளத்து வாசலில் வரிசையாக நின்றன.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த ஊசியக்கா, ரத்தம் எடுக்கும்போது கேட்பாரே, அந்தக் குரலில் மெதுவாகக் கேட்டார். "சார், தண்ணி ரகசியமா?"

காப்பு அதிகாரி திரும்பினார். "எந்தத் தண்ணி?"

"சும்மா தண்ணிதான். அத்தான் தண்ணிக்குள்ள வேலை பார்த்தாரான்னு நான் கேக்கல."

"பார்த்தாருன்னும் சொல்லமாட்டேன், பார்க்கலன்னும் சொல்லமாட்டேன்."

"அதான் சார். ஒண்ணுமே சொல்லாம இருக்கணும்னா தண்ணிதானே நல்லது. முகம் கிடையாது, உயரம் கிடையாது, பூட்ஸ் கிடையாது. பெரிய ஊர்லயெல்லாம் நினைவகம்னா தண்ணி இருக்குமாமே."

அதிகாரி வெளியே போய்த் தலைமையகத்துக்கு போன் செய்தார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்தார்.

"தண்ணீர் ரகசியத்துல வராது. தெளிவா இருக்கணும், அவ்வளவுதான். கலங்கலா இருந்தா அடியில என்ன இருக்குன்னு சந்தேகம் வரும்."

அப்படியாக, மண்டபத் திட்டம் கைவிடப்பட்டு, 'நினைவு நீர்ப்பரப்பு' என்று தீர்மானம் நிறைவேறியது. கமாண்டோ பல வருடம் படியேறியும் நடக்காத வேலை சில வாரங்களில் முடிந்தது. உடைந்த ஓடுகளை மாற்றினார்கள், விரிசலை அடைத்தார்கள். வடிகட்டி இயந்திரம் என்று எழுதினால் கோப்பு பொதுப்பணித் துறைக்குப் போய்விடும் என்பதால், 'நினைவுத் தெளிவுப் பொறி' என்ற பெயரில் புதிய வடிகட்டி இயந்திரம் வந்து இறங்கியது. லாரிகள் மண்ணோடு திரும்பிப் போயின.

தீர்மானம் நிறைவேறிய அன்று காரில் வீட்டுக்கு வரும்போது வாத்தியார் மனைவியைக் கேட்டார். "நீ வேணும்னுதானே கேட்ட?"

"எதை?"

"தண்ணியை."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்றார் ஊசியக்கா.

ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. குளத்தைச் சுற்றிலும் பலகைகள் முளைத்தன. நீரில் இறங்கக் கூடாது. நீரைத் தொடக் கூடாது. அஞ்சலி செலுத்த மட்டும் அனுமதி. விசில் கழுத்தில் தொங்க நான்கு மூலையிலும் காவலர்கள். தெளிந்த நீரை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, கமாண்டோவிடம் கற்றுக்கொண்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர், மூட்டுவலிக்காகத் தண்ணீரில் நடந்து பழகிய ஓய்வுபெற்ற தபால்காரர், "முன்னாடி அழுக்கா இருந்தாலும் நம்ம குளமா இருந்துச்சு" என்றார். ஊசியக்காவுக்கு அன்று யார் கையிலும் நரம்பு கிடைக்கவில்லை.

திறப்புவிழா என்றால் எதையாவது திறக்க வேண்டும். தண்ணீரை எப்படித் திறப்பது என்று குழு மண்டையைப் பிய்த்துக்கொண்டது. கடைசியில் குளம் முழுவதையும் மூடும் அளவுக்கு நீலத் துணி ஒன்று தைத்து, ஓரத்தில் வளையங்களில் கட்டினார்கள். தலைவர் பொத்தானை அழுத்தினால் துணி விலகும். கரை எது, தண்ணீர் எது என்று தெரியாத அளவுக்குத் துணி சுருக்கமில்லாமல் விரிந்திருந்ததைப் பார்த்து எல்லோரும் தையல்காரரைப் பாராட்டினார்கள்.

மந்திரி வரவில்லை. தன் வாழ்த்தை அனுப்பியிருந்தார். அதில் எடைதூக்கும் வீரரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை இருந்தது. செயலாளர் அதை அப்படியே வாசித்தார்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது ஒரு நிமிட மௌனம். அதற்கு முன் மௌனத்தைப் பற்றித் தலைவர் பேசுவார் என்று போட்டிருந்தது.

"மௌனம்" என்று தலைவர் தொடங்கினார். "மௌனத்தின் அருமை பேசுகிறவர்களுக்குத்தான் தெரியும். நான் மௌனமாக இருந்தால் இந்த நகரத்துக்கு எவ்வளவு நன்மை என்று பலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மக்கள் நலனுக்காக அந்த இன்பத்தை நான் தியாகம் செய்திருக்கிறேன்."

வெயில் ஏறியது. பேண்டு வாத்தியக்காரர்கள் வாத்தியங்களை நிழலுக்கு மாற்றினார்கள். வாத்தியாரின் கால் தரையை விட்டு எழவே இல்லை. தலைவர் தன் பேச்சிலேயே உருகிவிட்டார். "அந்த மாவீரர் தயங்கினாரா? பாதை தெரியாத இடத்தில் கால் வைக்கப் பயந்தாரா? இதோ, இப்படித்தானே முன்னேறியிருப்பார்" என்று சொல்லி, மேடையை விட்டு இறங்கி, மார்பை நிமிர்த்தி முன்னால் நடந்தார். சுருக்கமில்லாத நீலத் துணி அவரை இரண்டு அடி தாங்கியது. பிறகு வளையங்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன.

திறப்பு இப்படித்தான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. பேண்டு வாத்தியம் முழங்கியது. இது நிரலில் இருக்கிறதா என்று செயலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காவலர்கள் நீரில் இறங்கக் கூடாது என்ற உத்தரவை எண்ணி விசில் ஊதினார்கள். துணிக்குள் சுருண்டு எழும்பிய தலைவர், வாயைத் திறந்து ஏதோ அறிவிக்கப் பார்ப்பதும், தண்ணீர் உள்ளே போய் மூழ்குவதுமாக இருந்தார்.

ஊசியக்கா செருப்பை உதறிவிட்டுக் குதித்தார். ஒரு காவலர் அவரைப் பார்த்தும் விசில் ஊதினார்.

துணியை விலக்கி, பின்பக்கமாகப் போய், தாடையைப் பிடித்துத் தலைவரின் முகத்தை வானத்தைப் பார்க்கத் திருப்பினார். தலைவர் திமிறினார்.

"நான் யாருன்னு—" என்றார். மீதியைத் தண்ணீர் விழுங்கியது.

"யாரா இருந்தாலும் வாயை மூடுங்க சார்" என்று ஊசியக்கா சொன்னது, வாத்தியம் அப்போதுதான் நின்றிருந்ததால், கடைசி வரிசைவரை கேட்டது. "பயப்படுங்க, தப்பில்ல. வாயை மூடிட்டுப் பயப்படுங்க."

தலைவர் வாயை மூடினார். மூடியதும் மிதந்தார். ஊரில் யாரும் அதுவரை பார்த்திராத காட்சி அது. கரையில் சத்தம் போட ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஊசியக்கா அவரை மெதுவாக இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தபோது, என்ன செய்வதென்று தெரியாத செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு நிமிட மௌனம் இத்துடன் நிறைவடைகிறது."

அவசரக் கூட்டம் போட்டார்கள். தலைவர் தண்ணீரில் விழுந்தார் என்று வெளியே வரக் கூடாது. காப்பு அதிகாரி வழிகாட்டினார். "விழுந்தாருன்னும் சொல்லாதீங்க, விழலன்னும் சொல்லாதீங்க." மறுநாள் நகரசபை வெளியிட்ட அறிக்கையில், நினைவு நீர்ப்பரப்பில் தலைவர் ஆழ்ந்த அஞ்சலி செலுத்தினார் என்று ஒரு வரி இருந்தது. பார்த்த ஊர் முழுவதும் அதைப் படித்து, ஆமாம், ஆழமாகத்தான் செலுத்தினார் என்றது.

அடுத்த நாள் காலை ஊசியக்கா துண்டும் நீச்சல் உடையுமாகக் குளத்து வாசலில் நின்றார். பின்னால் தபால்காரர், அவருக்குப் பின்னால் கமாண்டோவிடம் கற்றுக்கொண்ட மற்றவர்கள். காவலர்களுக்குக் கை கால் ஓடவில்லை. செயலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் மூச்சிரைக்க வந்து பலகையைக் காட்டினார்.

"அக்கா, படிச்சுப் பாருங்க. நீச்சலுக்கு அனுமதி இல்ல."

"நாங்க நீந்த வரலையே. அஞ்சலி செலுத்த வந்திருக்கோம்."

"அதை வெளிய நின்னு செலுத்துங்க."

"தலைவர் எப்படிச் செலுத்தினாரோ அப்படித்தான் செலுத்துவோம். நேத்து நீங்கதானே அறிக்கை விட்டீங்க."

செயலாளர் வாயைத் திறந்தார். தலைவர் செலுத்தியது அஞ்சலி இல்லை என்றால், என்ன என்று சொல்லவேண்டிவரும். திறந்த வாயை மூடினார். தலைவருக்கு போன் செய்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே சொல் வந்தது.

"விடுங்க."

அன்றிலிருந்து ஊர் அஞ்சலி செலுத்திக்கொண்டிருக்கிறது. சிலர் மல்லாந்து செலுத்துகிறார்கள், சிலர் குப்புறச் செலுத்துகிறார்கள். தபால்காரர் இடுப்பளவு நீரில் நடந்தபடியே செலுத்துகிறார். அஞ்சலி செலுத்தத் தெரியாதவர்களுக்கு ஊசியக்கா வேலைக்குப் போகுமுன் சொல்லிக் கொடுக்கிறார். நாட்டிலேயே அதிகம் பேர் தினமும் வந்து மரியாதை செய்யும் நினைவகம் என்று செயலாளர் மேலிடத்துக்கு எழுதி, பக்கத்து ஊர் எடைதூக்கும் வீரரை ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டார்.

திறப்புவிழாவன்று ஊசியக்கா செய்ததற்காக ராணுவத் தலைமையகம் அனுப்பிய பதக்கம் மழைக்காலத்தில் வந்தது. பொதுமக்கள், படம், பூங்கொத்து எதுவும் இல்லாமல், சன்னல் சாத்திய ஓர் அறையில், தலைவரே அதை ஊசியக்காவிடம் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் பேசவில்லை. ஆனால் கதவுவரை வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "ரொம்ப நன்றிம்மா" என்றார். அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான் என்று ஊசியக்கா பிறகு வீட்டில் சொன்னார்.

அன்று மாலை வாத்தியார் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம், 'வெளியிட இயலாத சேவைக்காக' என்று பொறித்திருந்தது. ஏதோ தோன்றி, அண்ணனின் பெட்டியை எடுத்துக் கட்டிலில் கொட்டினார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாவற்றிலும் அதே வரி, அதே எழுத்து.

"என்ன பார்க்கிறீங்க?" என்று ஊசியக்கா கேட்டார்.

"எந்தத் தலைவர் எந்தத் தண்ணியில விழுந்தாரோ" என்றார் வாத்தியார்.

ஊசியக்கா சிரித்துவிட்டார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "எல்லாம் அப்படி இருக்காதுங்க. அத்தானோட முட்டியில இருந்த தழும்பு சும்மா வந்ததில்ல."

"அது தெரியும். நான்தானே வருஷக்கணக்கா தைலம் தேச்சேன். ஆனா ஒண்ணு ரெண்டு?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும்."

இருவரும் அந்த ஒன்றிரண்டைத் தேட ஆரம்பித்தார்கள். சின்னதாக, ஓரம் தேய்ந்துபோனவற்றை வாத்தியார் ஒருபக்கம் ஒதுக்கினார், அவை நிஜம் என்று. கடைசியில் எல்லாவற்றையும்விடப் பெரியதாக, பளபளவென்று, நாடாவில் தங்க இழையோடு ஒன்று மிஞ்சியது. ஊசியக்கா தன் பதக்கத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு.

"இதுதான்" என்றார். "விழுந்தவர் நம்ம ஆளை மாதிரியே பெரிய பேச்சாளரா இருந்திருக்கணும்."

வாத்தியாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணன் போனபிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா சன்னல் பக்கம் வந்து, என்ன விஷயம், எங்களுக்கும் சொல்லக் கூடாதா என்று கேட்டார்.

"சொல்லக் கூடாதாம்" என்றார் ஊசியக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.